அவசர ரேடியோ பெட்டிக்கான 12 வோல்ட் 7 ஏ.எச். சீல்டு பேட்டரி: சார்ஜிலேயே விடலாமா, கழற்றி வைக்கலாமா?

கெடிலக்கரை (கடலூர்):
தேவனாம்பட்டினத்தில் வைப்பதற்கு ஒரு அவசர ரேடியோ பெட்டி. 25 வாட் வி.எச்.எஃப். மொபைல் செட் (வண்டியில் பொருத்துகிற வகை ரேடியோ), 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) சீல்டு லெட் ஆசிட் பேட்டரி இரண்டு, டூவீலர் பேட்டரிக்கு விற்கிற சார்ஜர் ஒன்று. ஜனவரியில் சார்ஜ் ஏற்றிக் கழற்றி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் மூடி வைத்தது. இப்போது மீட்டரில் ஒன்று 12.4, இன்னொன்று 12.1 காட்டுகிறது. பி.டி.டி. (பேசுவதற்கு அழுத்தும் பொத்தான்) அழுத்தினால் செட்டின் திரையில் 10.6க்கு இறங்கி, செட் அணைந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு அதிக நாள் இல்லை. பேட்டரிகளை மீட்க முடியுமா? இனிமேல் 13.8 வோல்ட்டில் எப்போதும் மாட்டியே வைத்தால் என்ன? ஒரு பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

சால்டர்வாசம் (புதுச்சேரி):
பேட்டரி மேல் பழி போடுவதற்கு முன் ஒயரைப் பாருங்க. 25 வாட் செட் பேசும்போது சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். நல்ல 7 ஏ.எச். பேட்டரியின் உள் மின்தடை 20, 25 மில்லி ஓம்தான். அதனால் 6 ஆம்பியருக்கு அந்த மின்தடையால் மட்டும் இறங்குவது 0.15 வோல்ட் அளவுதான். பி.டி.டி.யை அழுத்திப் பிடித்தபடி பேட்டரி முனையில் ஒரு அளவு, செட்டுக்குள் போகும் இடத்தில் ஒரு அளவு எடுங்க. இரண்டுக்கும் வித்தியாசம் கால் வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு நடுவில் இருக்கு. கடல் காற்றில் முதலில் கெடுவது ஃபியூஸ் ஹோல்டர், அடுத்தது லக் (ஒயர் நுனியில் இருக்கும், பேட்டரி முனையில் செருகுகிற உலோகத் துண்டு). இந்த பேட்டரிகளில் முனை இரண்டு அகலத்தில் வரும்: 4.8 மி.மீ., 6.35 மி.மீ. கடையில் கிடைக்கிற பெரிய லக்கைச் சின்ன முனையில் செருகி, பிளையரால் அமுக்கி விட்டிருப்பார்கள். மீட்டரில் சரியாகத்தான் காட்டும், 6 ஆம்பியர் போனால் சூடேறும். சரியான அளவு லக், 2.5 ச.மி.மீ. ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ், மாட்டிய பிறகு முனையில் கொஞ்சம் வாசலின்.

இன்னொன்று: பெரும்பாலான மொபைல் செட்டுக்கு 13.8 வோல்ட், கூடக்குறைய 15 சதவீதம் என்றுதான் போட்டிருக்கும். அதாவது 11.7க்குக் கீழே அது சரியாக வேலை செய்யும் என்று உத்தரவாதமில்லை. பேட்டரி காலியாகும் 10.5 வரை செட் காத்திருக்காது.

மீட்கும் வழி: 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர், அதோடு வோல்ட்டைக் குறைத்துத் தரும் எக்ஸ்.எல். 4015 மாட்யூல் (மின்னோட்டத்துக்கும் தனித் திருகு உள்ள வகை). பேட்டரி மாட்டாமல் வோல்ட்டை 14.4க்கு வையுங்க. பிறகு வெளியீட்டை 10 ஆம்பியர் மீட்டர் வழியாக ஷார்ட் செய்து, மின்னோட்டத்தை 0.7க்குக் குறையுங்க. இனி பேட்டரியை மாட்டலாம். 14.4ஐ எட்டியபின் மின்னோட்டம் தானாக இறங்கும். 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்தால் நிரம்பிவிட்டது. கழற்றி ஒரு இரவு விட்டு அளந்தால் 12.8ஆவது இருக்கணும். சார்ஜ் குறைந்தே கிடந்து தகடுகளில் சல்ஃபேட் உப்பு படிந்த பேட்டரி முதலில் மின்னோட்டமே வாங்காது. ஒரு நாள் முழுக்க 14.4லேயே விட்டுப் பார்க்கலாம். அப்புறமும் வாங்கவில்லை என்றால் விட்டுவிடுங்க. மூடியைப் பெயர்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிற வேலை மட்டும் வேண்டாம்.

அந்த டூவீலர் சார்ஜரை நிரம்பிய பேட்டரியில் மாட்டி அளந்து பாருங்க. 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அது தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கானது. சீல்டு பேட்டரியில் வால்வு திறந்து ஈரம் போனால் திரும்ப வராது.

உப்பளம்_73 (புதுச்சேரி):
பேட்டரி மேலேயே அச்சடித்திருக்கும்: ஸ்டாண்ட்பை (எப்போதும் சார்ஜில் மாட்டியே வைக்க) 13.5 முதல் 13.8, சைக்கிள் (காலியானதை ஏற்ற) 14.4 முதல் 15.0. இரண்டும் 25 டிகிரிக்கான கணக்கு. நம்ம ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் அறைக்குள் 25 எந்த மாதத்தில் இருக்கு? டிகிரிக்குச் சுமார் 20 மில்லி வோல்ட் குறைக்கணும். 35 டிகிரி அறைக்கு 13.4, 13.5 போதும். 13.8ல் வருஷம் முழுக்க விட்டால் அக்னி நட்சத்திரத்திலேயே பேட்டரி உள்ளே காய ஆரம்பித்துவிடும். புயல் வரும்போதுதான் அது வெளியே தெரியும்.

கழற்றி வைப்பதிலும் இதே வெயில்தான் பிரச்சினை. 25 டிகிரியில் மாதம் 3 சதவீதம் தானாகக் குறையும், 10 டிகிரி ஏறினால் அது இரட்டிப்பு. ஒன்பது மாதத்தில் பாதி காலி. உங்க 12.4 அதைத்தான் சொல்கிறது. பாதிச் சார்ஜில் கிடந்தால் சல்ஃபேட் படியத்தான் செய்யும்.

என் கட்சி கழற்றி வைப்பதுதான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாலு முறை 14.4க்கு ஏற்றி, கான்கிரீட் கூரை அறையில் தரையோரமாக வையுங்க.

சால்டர்வாசம்:
ஆள் மாறிக்கொண்டே இருக்கிற பொது இடத்தில் ஏப்ரலை யார் ஞாபகம் வைப்பது? அங்கே 13.5ல் மாட்டியே வைப்பதுதான் சரி. ஆனால் மாட்யூலுக்கும் பேட்டரிக்கும் நடுவில், மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுகிற ஷாட்கி டயோடு (1என்5822) ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் மாட்யூலே பேட்டரியைத் திருப்பிக் குடிக்கும். டயோடில் கொஞ்சம் வோல்ட் போகும் என்பதால், நிரம்பிய பேட்டரியை மாட்டி அதன் முனையில் அளந்தே 13.5ஐ வையுங்க. ரப்பர் வளையம் போட்ட பெட்டியானால் சார்ஜில் இருக்கும்வரை மூடி திறந்தே இருக்கணும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் ஆனாலே தீப்பிடிக்கும்.

மணிக்கணக்கு: மணிக்கு 6 நிமிடம் பேசினால் 0.6 ஏ.எச்., மீதி நேரம் கேட்பதற்கு 0.4. ஆக மணிக்கு 1 ஏ.எச்., புது பேட்டரியே 5 மணி நேரம்தான். பவரை 5 வாட்டுக்கு இறக்கினால் பேசும் செலவு பாதிக்கும் கீழே போகும், கேட்கும் செலவு அப்படியே நிற்கும். அதனால் மணிக்கு முதல் 10 நிமிடம் மட்டும் செட் ஆன் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொள்வதே பெரிய மிச்சம். 2011 தானே புயலுக்குப் பிறகு கடலூரில் கரண்ட் வர எத்தனை நாள் ஆச்சு என்பதை மனதில் வைத்து 18 ஏ.எச். ஒன்றும் யோசியுங்க.

கெடிலக்கரை:
அளந்தாச்சு. 12.4 காட்டியதில் பி.டி.டி. அழுத்தினால் முனையில் 11.9, செட் பக்கம் 10.7. ஃபியூஸ் ஹோல்டருக்குள் பச்சை பூத்திருக்கு. 12.1 காட்டியது ஒரு நாள் 14.4ல் இருந்தும் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் வாங்கவில்லை.

உப்பளம்_73:
ஹோல்டரை மாற்றுங்க, முதல் பேட்டரியை நிரப்பி, 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பைப் போட்டு நேரம் பாருங்க. சுமார் 1.75 ஆம்பியர். 10.5க்கு இறங்க 3 மணி ஆனால் புதுசு மாதிரி. 2 மணியைத் தொடவில்லை என்றால் மாற்றணும். சோதனை முடிந்த கையோடு திரும்ப ஏற்றிவிடுங்க, காலியாக ஒரு ராத்திரி கூட வேண்டாம்.

இரண்டாவதைக் கடையில் கொடுத்துப் புதுசு எடுங்க, பழசுக்குக் கழிவு உண்டு. வாங்கும்போது மீட்டரை எடுத்துப் போங்க. 12.6க்குக் கீழே காட்டினால் அலமாரியில் தூங்கிய சரக்கு. எடை 2 கிலோவுக்கு ரொம்பக் குறைந்தாலும் வேண்டாம், உள்ளே ஈயம் கம்மி. புதுசையும் பழசையும் இணையாகக் கட்டாதீங்க, தனித்தனியாக மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம்.