கோடு எதுவரைக்கும் வந்திருக்கு டீச்சர்?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பார்வையற்ற மாணவன் ஒருவனுக்குச் ‘சொல்வதை எழுதுபவர்’ பணிக்குப் போயிருந்தேன். நான் தமிழாசிரியை, அன்று கணக்குத் தேர்வு. அந்தப் பாடம் நடத்துகிறவர்களைப் போட மாட்டார்கள், விடையை நாமே எழுதிவிடக் கூடாதே. நியாயம்தான்.

“மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ், ரூட்டுக்குள்ள பி ஸ்கொயர் மைனஸ் 4ஏசி, மொத்தமும் பை 2ஏ” என்றான். எழுதினேன்.

“கோடு எதுவரைக்கும் வந்திருக்கு டீச்சர்?”

பார்த்தால், வகுத்தல் கோட்டை ரூட்டுக்கு அடியில் மட்டும் இழுத்திருக்கிறேன். மைனஸ் பி தனியாக வெளியே நிற்கிறது. அடித்துத் திருத்தினேன். அதன்பின் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொன்னான். அவனுக்குக் கொடுத்த கூடுதல் ஒரு மணி நேரத்தில் பாதி, என்னைச் சரிபார்க்கவே போய்விட்டது. 1.15க்கு மற்ற பிள்ளைகள் வெளியே வந்து விடை பேச ஆரம்பித்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கூச்சல், சாத்தினால் புழுக்கம். சாத்திவிட்டு 2.15 வரை எழுதினோம்.

* * *

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் கதை வேறு. எனக்குப் பேனா பிடித்தால் பத்து நிமிடத்தில் விரல்கள் இறுகிவிடும். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 சதவீதத்துக்கும் கீழே. போன வருடம் ஒரு வேலைத் தேர்வில், “கை நல்லாத்தானே இருக்கு தம்பி? 40 இல்லேன்னா எழுத ஆள் கிடையாது” என்று சொல்லிவிட்டார்கள். நானே எழுதினேன், கடைசி இரண்டு கேள்விகள் காலி.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியிலேயே, 40 சதவீதத்தைக் காட்டி மறுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அவருக்கும் எழுதும்போது கை இறுகும் பிரச்சினைதான். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு இதற்கென்றே வழிகாட்டுதல் போட்டது: எழுத முடியாது என்று அரசு மருத்துவமனைச் சான்று இருந்தால் எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்று. எனக்கும் தெரியவில்லை, மறுத்தவருக்கும் தெரியவில்லை.

அடுத்த தேர்வுக்கு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு, “சரி, ஆளை நீங்களே கூட்டிட்டு வாங்க. படிப்பு உங்களைவிட ஒரு படி கம்மியா இருக்கணும்” என்றார். பிளஸ் டூ முடித்திருந்த சித்தி பெண்ணைக் கெஞ்சினேன். ஒரு பிரியாணிக்கு ஒத்துக்கொண்டாள்.