கழிவுநீரில் குரோமியம்: இட்ரியம் போட்டுத் திருத்தினால் ரிகவரி 121 வருகிறது, எங்கே பிசகு?

ராணிப்பேட்டை லேப்:
வணக்கம். இங்கே ஒரு சின்ன லேப்பில் ஐசிபி-ஓஇஎஸ் (சூடான பிளாஸ்மாவில் தனிமங்கள் விடும் ஒளியை வைத்து அளவைக் கண்டுபிடிக்கும் கருவி) பார்க்கிறேன். வருவதில் பாதி தோல் ஆலைத் தண்ணீர்தான். இந்த வாரம் வந்த ஒரு சாம்பிள் தூங்கவிடவில்லை.

சுத்திகரித்து வெளியே விடும் தண்ணீர். டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்த உப்புகள்) லிட்டருக்கு 8,000 மி.கி. பக்கம். நைட்ரிக் ஆசிடில் டைஜஸ்ட் செய்து (சூடாக்கிக் கரைத்து), இன்டர்னல் ஸ்டாண்டர்டாக இட்ரியத்தை டி-பீஸ் (டி வடிவக் குழாய் இணைப்பு) வழியாகக் கலக்கிறோம். எல்லாவற்றிலும் ஒரே அளவு இட்ரியம் என்பதால், அதன் சிக்னல் எவ்வளவு குறைகிறதோ அதே விகிதத்தில் குரோமியத்தையும் திருத்துவோம். ஆக்ஸியல் வியூ (பிளாஸ்மாவை நீளவாக்கில் பார்ப்பது). அளக்கும் ஒளிக்கோடு குரோமியத்துக்கு 357.869, இட்ரியத்துக்கு 371.029 நானோமீட்டர். ஸ்டாண்டர்டெல்லாம் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்கள்) வெறும் 2% நைட்ரிக் ஆசிடில்.

பிளாங்க்கில் (சாம்பிள் இல்லாத வெறும் ஆசிட் கரைசல்) கிடைத்த இட்ரியம் சிக்னலில் 77% தான் சாம்பிளில் கிடைக்கிறது. குரோமியம், திருத்தாமல் பார்த்தால் 1.68, திருத்தினால் 2.18 மி.கி./லி. டைஜஸ்ட் செய்த கரைசலில் 1 மி.கி./லி. ஸ்பைக் (தெரிந்த அளவு கூடுதல் குரோமியம்) போட்டேன். திருத்தாத ரிகவரி (போட்டதில் கருவி திரும்பக் காட்டும் பங்கு) 93%, திருத்தியது 121%.

மொத்தக் குரோமியத்துக்கு வெளியேற்ற வரம்பு 2. ஒரு கணக்கில் தேறுகிறது, இன்னொன்றில் தேறவில்லை. "93 நல்ல ரிகவரிதானே, திருத்தத்தை எடுத்துவிட்டு ரிப்போர்ட் கொடு" என்கிறார் மேலே இருப்பவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் தெரியாமல் சாதகமான எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அது அளவீடே இல்லை. பாலாற்றங்கரையில்தான் எங்கள் வீடும், கிணறும்.

காட்பாடி:
முதலில் பம்ப் டியூபைப் பாருங்கள் நண்பா. இட்ரியம் போகும் டியூப் தட்டையாகிவிட்டால் சிக்னல் ஏறி இறங்கும். கரைசலை நுண்துளிகளாகத் தெளிக்கும் நெபுலைசரின் முனையில் உப்பு படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ராணிப்பேட்டை லேப்:
டியூப் புதுசு. பிளாங்க்கை 10 தடவை ஓட்டினேன், இட்ரியம் 1%க்குள் நிற்கிறது. நெபுலைசர் முனையில் கடுகளவுகூட இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி லென்ஸில் தெரிந்தது. கழுவினேன். மறுபடி ஓட்டினாலும் அதே 77தான். தண்ணீரிலேயே இட்ரியம் இருக்குமோ என்றும் யோசித்தேன். அப்படியிருந்தால் சிக்னல் கூடியிருக்க வேண்டும், இங்கே குறைகிறது.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட், வேலூர்:
தம்பி, உங்கள் இட்ரியம் பொய் சொல்லவில்லை. தப்பான ஜோடியோடு அதைக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

357.869 குரோமியம் அணுவின் கோடு. இட்ரியத்தின் 371.029 அயனியின் கோடு. தோல் பதப்படுத்த வந்த உப்பு முழுக்க சோடியம். 5.14 எலெக்ட்ரான் வோல்ட்டிலேயே அயனியாகிவிடும் தனிமம் அது. பிளாஸ்மாவில் எலெக்ட்ரானைக் கொட்டுகிறது. அதனால் அயனிகளில் ஒரு பங்கு மறுபடி அணுவாகிறது. நெபுலைசரில் ஏற்படும் இழப்பு இரண்டு கோட்டையும் ஒன்றுபோல இறக்குகிறது. ஆனால் பிளாஸ்மாவுக்குள் அயனிக் கோடு இன்னும் இறங்க, அணுக்கோடு இழந்ததில் கொஞ்சம் மீட்டுக்கொள்கிறது. ஆக்ஸியலில் இது ரொம்பத் துலக்கமாகத் தெரியும். குரோமியம் 7% மட்டும் இறங்கியிருக்க, இட்ரியத்தை நம்பி 23%க்கு ஈடுகட்டியிருக்கிறீர்கள். 0.93-ஐ 0.77-ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 121 வரும்.

1925-இல் ஜெர்மன் இயற்பியலாளர் வால்தர் கெர்லாக் இந்த இன்டர்னல் ஸ்டாண்டர்டு முறையைக் கொண்டுவந்தபோதே, ஒரே மாதிரி ஏறி இறங்கும் கோடுகளைத்தான் ஜோடி சேர்க்கச் சொன்னார். மெத்தடில் 267.716 இருந்தால் பாருங்கள், அது குரோமியத்தின் அயனிக் கோடு. பிறகு 1 மி.கி./லி. குரோமியம் ஸ்டாண்டர்டு 100 மி.லி.யில் சுத்தமான சோடியம் குளோரைடு 0.8 கிராம் கரைத்து ஓட்டுங்கள். விடை தெரிந்த கரைசல் அது, அதை வைத்து வாதாட முடியாது. கடைசியாக சாம்பிளைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். 0.18 மி.கி. அளவை ஓஇஎஸ் தாராளமாகப் பிடிக்கும்.

ராணிப்பேட்டை லேப்:
சார், கை எடுத்துக் கும்பிடுகிறேன். மெத்தடில் 267.716 ஏற்கெனவே இருந்தது, நான்தான் அதைப் பார்க்கவில்லை. பழைய ஓட்டத்திலேயே அது திருத்தாமல் 1.40, திருத்தினால் 1.82. ஸ்பைக் ரிகவரி 101%.

உப்புக் கரைசலில் இட்ரியம் 78%. 357-இல் திருத்திய குரோமியம் 1.19, 267-இல் 1.01. பத்து மடங்கு நீர்த்த சாம்பிளில் இட்ரியம் 97%க்கு ஏறிவிட்டது. இரண்டு கோடும் 1.83, 1.80 என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

வாணியம்பாடி அக்கா:
நல்லது தம்பி. ஒன்று விட்டுப்போனது. இட்ரியம் சேர்வது டைஜஷன் முடிந்த பிறகு. பீக்கரில் ஒட்டிக்கொண்டதும் கொதித்துத் தெறித்ததும் அதற்குத் தெரியாது. அந்த 101 கருவிக்கு மட்டுமான சான்று. ஆசிட் ஊற்றும் முன்பே ஒரு தடவை ஸ்பைக் போட்டுப் பார். எங்கள் லேப்பில் ஒருமுறை இழப்பு அங்கேதான் ஒளிந்திருந்தது.

ராணிப்பேட்டை லேப்:
சரி அக்கா. அதே சாம்பிளில் மூன்று பீக்கர் இப்போதுதான் ஹாட் பிளேட்டில் ஏற்றினேன், இரண்டில் முன்கூட்டியே ஸ்பைக். அது வரும்வரை ரிப்போர்ட்டில் கையெழுத்து இல்லை என்று மேலே சொல்லிவிட்டேன். நாளை எண்ணைப் போடுகிறேன்.