பம்பு அசெம்பிளி செல்லில் சோதனை மேடை முன் தேங்கும் வேலை: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோவையில் மோனோபிளாக் பம்பு (மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் சேர்ந்தது) செய்யும் சிறிய ஆலை ஒன்றில் அசெம்பிளி பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன், வரிசையாக இருந்த மேசைகளை 'யு' வடிவ செல்லாக, அதாவது வேலை அடுத்தடுத்து கைமாறும்படி நெருக்கி அமைத்த ஒரே குழுவாக, மாற்றினோம். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள்.

இடைவேளை போக ஷிஃப்டுக்கு 430 நிமிடங்கள். தேவை 86 பம்புகள். அதாவது 5 நிமிடத்துக்கு ஒன்று வெளியே வர வேண்டும். பேரிங் அழுத்துவது, சீலும் (நீர்க்கசிவைத் தடுப்பது) இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) பொருத்துவது, போல்ட் இறுக்குவது எல்லாம் ஒவ்வொன்றும் நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. சோதனை மேடையில்தான் 7 நிமிடம். அதனால் 60-ஐத் தாண்டவே திணறுகிறோம்.

நேற்று கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று பார்த்தேன். பம்பு ஓடுவது 3 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் குழாயை மரை திருகி மாட்டுவதிலும் கழற்றுவதிலும், தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதிலும் போகிறது. இப்படியே போகப்போக எட்டுப் பம்புகள் தரையில் குவிந்துவிடுகின்றன. சோதிக்கும் அண்ணன் ஐம்பதைக் கடந்தவர். ஒவ்வொன்றையும் குனிந்து தூக்குகிறார். மாலையில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

மற்றவர்களை வேகப்படுத்தச் சொல்கிறது நிர்வாகம். குவியல்தான் பெருகும் என்பது என் கருத்து.

மரைக்குப் பதிலாக, ரப்பர் வளையம் வைத்து நெம்புகோலால் அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் யாராவது பயன்படுத்துகிறீர்களா? அழுத்தத்தில் கசிகிறதா? அல்லது இரண்டாவது மேடை போடுவதே நல்லதா? பம்பைத் தரையில் வைக்காமல் உருட்டிக் கொண்டுவர என்ன ஏற்பாடு செய்தீர்கள்? படம் இருந்தால் அனுப்புங்கள், பேருதவியாக இருக்கும்.