கொரியாவின் தேசியப் பொக்கிஷங்கள்: பட்டியலில் எண் வேண்டுமா?

நிலாமகள்: தென்கொரிய அரசு பாதுகாக்கும் மரபுச் செல்வங்களைத் தமிழில் அட்டவணையாகத் தொகுக்கிறேன். பழைய நூல்களில் சியோலின் சுங்னியேமுன் வாயில் 'தேசியப் பொக்கிஷம் 1'. இப்போதைய பட்டியலில் எண்ணே காணோம். எதைப் பின்பற்றுவது?

ஏட்டுச்சுவடி: 'பழைய எண்' என்று தனிப் பத்தி போடுங்கள். ஆனால் அதை வைத்து வரிசைப்படுத்த வேண்டாம். அது நிர்வாக எண்தான், தரவரிசை அல்ல. 1934இல் ஜப்பானிய ஆட்சி போட்ட பட்டியலிலேயே இந்த வாயில்தான் முதல். அதையே பிறகும் தொடர்ந்தார்கள். 2021இல் எண்களைக் கைவிட்டது மிக நல்ல முடிவு. கொரிய மொழியின் ஹங்குல் எழுத்தை விளக்கும் 'ஹுன்மின்ஜோங்கும்' என்ற நூலின் எண் 70. அதற்கு முன்னால் 69 பொருள்கள் உயர்ந்தவையா என்ன?

கடலோடி: அப்போ இசை, சடங்குக்கெல்லாம் என்ன செய்வது? அருங்காட்சியகத்தில் வைக்க முடியாதே.

ஏட்டுச்சுவடி: அதற்குத் தனி அட்டவணை. பெயர், அறிவித்த ஆண்டு, அப்புறம் முக்கியமாக, கலையைக் கையில் வைத்திருப்பவர் யார், யாருக்குக் கற்றுத்தருகிறார் என்ற பத்திகள். 1964இல் அறிவிக்கப்பட்ட ஜோங்மியோ அரச முன்னோர் வழிபாட்டு இசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'ஓ' என்று ஒரு கருவி: படுத்திருக்கும் மரப்புலி, முதுகில் 27 பற்கள். பிளந்த மூங்கில் கழியால் தலையில் மூன்று முறை தட்டி, முதுகில் சரசரவென்று இழுத்தால் இசை முடிந்தது என்று பொருள். புலியைப் படம் எடுத்துவிடலாம். அந்தக் கை அசைவை ஆளிடமிருந்து ஆள்தான் கற்க வேண்டும்.

நிலாமகள்: சரி, 'கற்பவர்' பத்தியை இன்றே சேர்த்துவிடுகிறேன்.