அசுரனுக்கு உயிரைக் கூட்டினேன், பயம் கூடவில்லை. யோசனை சொல்லுங்கள்

பகடைப்பித்தன்:

வணக்கம். நானும் என் மச்சானும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மினியேச்சர் போர் ஆடுகிறவர்கள். மூன்றடிக்கு மூன்றடிப் பலகை, 28 மி.மீ. பொம்மைகள், ஆளுக்கு மூன்று வீரர்கள். விதிகள் நாங்களே எழுதியவை, மொத்தம் இரண்டு பக்கம். இந்த முறை ஐந்து ஆட்டம் தொடர்கிற மாதிரி ஒரு கேம்பெயின். நாங்கள் இருவரும் ஒரே பக்கம், எதிரே அசுரர்கள். அவர்களை யாரும் ஆட்டுவதில்லை. பக்கத்தில் எவன் இருக்கிறானோ அவனை நோக்கி நகர்ந்து அடிப்பார்கள், அவ்வளவுதான்.

முதல் இரண்டு ஆட்டத்தில் வந்த சில்லறை அசுரர்களை வாழைத்தண்டு மாதிரி வெட்டித் தள்ளினோம். அதனால் மூன்றாவதில் ஒரு பெரிய அசுரனை இறக்கினேன். 6 உயிர். எங்கள் வெட்டுக்கு 2 பகடை, 4 அல்லது மேலே விழுந்தால் படும். பட்டதை அவன் 3 அல்லது மேலே போட்டுத் தடுத்துவிடலாம். முக்கால் மணி நேரம் சுற்றி நின்று பகடை உருட்டினோம். பாதியில் மச்சான் போனை எடுத்துவிட்டான். “இது அசுரனா, தண்ணி லாரியா?” என்று வேறு கேட்டான். இரண்டு வாரம் உட்கார்ந்து சாயம் பூசிய பொம்மை அது.

அடுத்த ஆட்டத்துக்குள் இதைச் சரிசெய்ய வேண்டும். என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:

தம்பி, லாரி என்று உங்கள் மச்சான் சொன்னதில் தப்பில்லை. கணக்கைப் பாருங்கள். 2 பகடையில் சராசரி ஒன்று படுகிறது. அதில் மூன்றில் இரண்டை அவன் தடுக்கிறான். ஆக ஒரு உயிர் குறைய 3 வெட்டு, 6 உயிருக்கு 18 வெட்டு. ஆறு பேரும் ஒட்டி நின்று வெட்டினாலும் மூன்று சுற்று ஆகும். அந்த மூன்று சுற்றும் நீங்கள் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. உயிரை 8 ஆக்கினால் இதே அலுப்பு இன்னும் ஒரு சுற்று நீளும்.

எண்ணை விடுங்கள், அவனுக்கென்று ஒரு விதி கொடுங்கள். ஒன்றே ஒன்று போதும். புராணத்தில் வருகிற ரக்தபீஜன் என்ற அசுரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழுந்தால் அவனைப் போலவே இன்னொருவன் எழுவான். மேசையில் இதைச் செய்வது சுலபம். ஒவ்வொரு உயிர் குறையும்போதும் பக்கத்தில் ஒரு குட்டி அசுரனை வையுங்கள், அதற்கு 1 உயிர், 1 பகடை. பொம்மை தீர்ந்தால் சட்டைப் பட்டன் வையுங்கள். பெரியவனுக்கு 4 உயிருக்கு மேல் வேண்டாம், பலகை தாங்காது.

மாற்று வழியும் கதையிலேயே இருக்கிறது. ரத்தம் தரையைத் தொடுவதற்குள் காளி குடித்துவிடுகிறாள். உங்கள் வீரர்களில் ஒருவன் கையில் குடம் கொடுங்கள். அவன் அசுரனை ஒட்டி நிற்கும்வரை குட்டி எழாது, ஆனால் அவன் வெட்டவும் முடியாது. குடத்தை எவன் பிடிப்பது என்று மாமனும் மச்சானும் அடித்துக்கொள்வீர்கள் பாருங்கள்.

கூழ்ப்பானை:

எல்லாமே உங்களோடு சண்டை போட வரவேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? கலிங்கத்துப்பரணியின் பேய்கள் யாரையும் வெட்டுவதில்லை. அவற்றுக்குப் பசி. போர் முடிகிறவரை காத்திருந்து பிணக்களத்தில் கூழ் காய்ச்சுகின்றன. சமைப்பதற்கு முன் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கச் சொல்கிறார் ஜெயங்கொண்டார். கல்லூரியில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரவு யோசித்தபோது வரவில்லை.

என் வீட்டு விதி இது. பலகை ஓரத்தில் இரண்டு பேய். யாரும் விழாதவரை அவை அசையாது. ஒரு வீரன் விழுந்ததும் சுற்றுக்கு 4 அங்குலம் அவனை நோக்கி நடக்கும். அவை அடிக்காது, அவற்றை அடிக்கவும் முடியாது. தோழன் ஒருவன் விழுந்தவனைச் சுற்றுக்கு 3 அங்குலம் இழுத்துப் போகலாம். பலகையைத் தாண்டிவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு அவன் உண்டு. பேய் தொட்டுவிட்டால் கேம்பெயினிலிருந்தே போனான். 3, 4 என்ற அந்த ஓர் அங்குல வித்தியாசத்தை மாற்றாதீர்கள்.

பொம்மை வாங்க வேண்டாம். பனங்காட்டுக்குக் கை கால் முளைத்த மாதிரி என்றுதான் பரணியே சொல்கிறது. கம்பியை நெட்டையாக முறுக்கி, மேலே பேப்பர் டேப் சுற்றிக் கறுப்பு அடியுங்கள், போதும்.

கடற்கரைக்காரன்:

கடைசி ஆட்டத்துக்கு எங்க ஊர் சரக்கு ஒண்ணு தரேன். திருச்செந்தூர் சூரசம்ஹாரம் பார்த்திருக்கீங்களா? யானைமுகம் விழும், சிங்கமுகம் வரும். அதுவும் விழும், சூரனே வருவான். அப்புறம் அவனே மாமரமா நிப்பான். ஒவ்வொரு தடவையும் தலை மாறும்போது கடற்கரைக் கூட்டம் மொத்தமா ஒரு சத்தம் போடும், அந்தச் சத்தம் உங்க மேசையில வரணும். 6 உயிரை மூணு தலைக்கு ரெண்டு ரெண்டா பிரிங்க. யானைக்கு மோதித் தள்ளுற பலம், சிங்கத்துக்கு ரெட்டை வேகம், சூரனுக்கு உங்க இஷ்டம். கழுத்தில 3 மி.மீ. காந்தம் ஒட்டினா தலையைக் கழற்றி மாட்டலாம். ஒட்டுறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் ஈர்க்குதுன்னு பார்த்துக்குங்க, நான் ஒரு சிங்கத்தைத் தலைகீழா ஒட்டினவன்.

மாமரத்தை இப்பவே பலகையில வச்சிடுங்க. சும்மா மரம்னு உங்க மச்சான் நினைக்கட்டும். ஜெயிச்சா மயிலும் சேவலும் பரிசு. அடுத்த கேம்பெயின்ல ஒருத்தருக்கு வாகனம், ஒருத்தருக்குக் கொடி.

பகடைப்பித்தன்:

மூவருக்கும் நன்றி. நான்காவது ஆட்டம் நேற்று முடிந்தது. ரக்தபீஜன் மூன்றாம் சுற்றில் பலகையை நிரப்பிவிட்டான், அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து பட்டன் எடுக்க வேண்டியதாயிற்று. குடத்தை மச்சானின் வில்லாளிதான் பிடித்தான், பிடித்தபடியே விழுந்தான். விழுந்த இடத்துக்கும் பேய்க்கும் நடுவே 9 அங்குலம். இழுத்தோம், இழுத்தோம், விளிம்புக்கு ஓர் அங்குலம் இருக்கும்போது பேய் தொட்டுவிட்டது. மச்சான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். போனைத் தொடவே இல்லை.

ஒரே ஒரு தப்பு செய்துவிட்டேன். விதியெல்லாம் படித்து வரட்டும் என்று இந்தத் திரியின் சுட்டியை ஆட்டத்துக்கு முன்பே அவனுக்கு அனுப்பியிருந்தேன். முதல் சுற்றிலேயே அவனுடைய இரண்டு பேர் நேராகப் போய் மாமரத்தை வெட்ட ஆரம்பித்தார்கள்.

ஐந்தாவது ஆட்டத்துக்கு நான்கு மரம் வைக்கப்போகிறேன். எது சூரன் என்று இங்கே எழுத மாட்டேன்.