பெரியவீட்டுக் குழு: கதிரோட ஐ-20

செல்வி: மீனா, நியூயார்க் மாநிலத்துல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல கதிருக்கு ஆட்டோமொபைல் கோர்ஸ் கிடைச்சிருச்சு. விசாவுக்கு காலேஜ் தர்ற ஐ-20 படிவம் வந்திருக்கு. நாளைக்கே சீவிஸ் பணம், அதாவது வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம், கட்டணும்ங்கறான். கட்டிரலாமா?

மீனா அத்தை: ரொம்ப சந்தோஷம் அண்ணி! ஆனா அந்த 350 டாலரைக் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்க்கணும். கதிர், ஐ-20 முதல் பக்கத்துல உன் பேருக்குப் பக்கத்துல கிளாஸ்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல எஃப்-1னு இருக்கா, எம்-1னு இருக்கா? அட்மிஷன் லெட்டர்ல டிகிரி ஏஏஎஸ்ஸா (அசோசியேட் இன் அப்ளைட் சயின்ஸ்), ஏஓஎஸ்ஸா?

கதிர்: எம்-1 அத்தை. டிகிரி ஏஓஎஸ், அசோசியேட் இன் ஆக்குபேஷனல் ஸ்டடீஸ். ரெண்டும் ரெண்டு வருஷம்தானே, என்ன பெரிய வித்தியாசம்?

மீனா அத்தை: நீ அப்புறம் என்ன பண்ணப் போறேங்கறதை வெச்சுத்தான் வித்தியாசம். படிச்சு முடிச்சு நாலு வருஷ பி.எஸ். டிகிரி சேரணும்னு நினைக்கறியா, இல்ல தொழிலைக் கத்துக்கிட்டு ஊருக்கு வந்து கடை போடணுமா?

கதிர்: முடிஞ்சா பி.எஸ்., அங்கயே ஒரு வருஷம் வேலையும்.

மீனா அத்தை: அப்படின்னா இந்த ஐ-20 உனக்குப் பொருந்தாது. பொறுமையாப் படி.

நியூயார்க் மாநில விதிப்படி ஏஏஎஸ்னா மொத்த கிரெடிட்ல (பாடங்களோட அளவுப் புள்ளி) மூணுல ஒரு பங்காவது இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூகவியல் மாதிரி பாடமா இருக்கணும். 60 கிரெடிட்டுக்கு 20. ஏஓஎஸ்ஸுக்கு அந்தக் கட்டாயம் இல்ல, எல்லாமே பட்டறைப் பாடமா இருக்கலாம். கை வேலைக்கு அது நல்ல டிகிரி. ஆனா நாலு வருஷ காலேஜுக்கு எடுத்துட்டுப் போனா, பிரேக், டிரான்ஸ்மிஷன் பாடத்தை அவங்க கணக்குல எடுத்துக்கறது கஷ்டம். திரும்ப முதல் வருஷத்துல இருந்து படிக்க வேண்டி வரும்.

செல்வி: எம்-1னா என்ன மீனா? விசா எல்லாம் ஒண்ணுதானே?

மீனா அத்தை: இல்ல அண்ணி. எஃப்-1 கல்லூரிப் படிப்பு விசா, எம்-1 தொழிற்படிப்பு விசா. எம்-1ல படிக்கற காலத்துல காலேஜ் கேன்டீன்ல கூட வேலை பார்க்க முடியாது. முதல்ல அதிகபட்சம் ஒரு வருஷம்தான் கொடுப்பாங்க. ரெண்டு வருஷக் கோர்ஸ்னா நடுவுல ஐ-539 விண்ணப்பம் போட்டு நீட்டிக்கணும், அதுவும் ஐ-20ல உள்ள முடிவுத் தேதிக்கு 60 நாளைக்கும் 15 நாளைக்கும் இடைப்பட்ட நேரத்துல. எல்லாம் சேர்த்து மூணு வருஷத்தைத் தாண்டக் கூடாது.

முடிச்சதும் பிராக்டிகல் டிரெய்னிங்னு படிச்ச தொழில்ல வேலை பார்க்க அனுமதி உண்டு. நாலு மாசப் படிப்புக்கு ஒரு மாசம்னு கணக்கு, 6 மாசத்துக்கு மேல கிடையாது. ஆறு மாசத்துக்கு அப்புறம் சாதாரணமா காலேஜும் மாத்த முடியாது. முக்கியமானது, அங்க இருந்துக்கிட்டே எம்-1ல இருந்து எஃப்-1க்கு மாறவே முடியாது. பி.எஸ். சேரணும்னா நாட்டை விட்டு வெளிய வந்து புது விசா எடுக்கணும்.

இன்னொண்ணு, எஃப்-1 ஐ-20க்கு முதல் வருஷச் செலவைக் காட்டினா போதும். எம்-1க்கு முழுக் காலத்துக்கும் பணம் காட்டணும்.

பிரபு மாமா: அக்கா, தொழில் மட்டும் கத்துக்கிட்டு வந்துடறேன்னு போறவனுக்கு எம்-1 நல்லதுதான், யாரும் பயப்பட வேண்டாம். இவன் நோக்கம் வேற, அதனாலதான் மீனா இவ்வளவு சொல்றா.

கதிர்: அதே காலேஜ்ல ஏஏஎஸ்ஸும் இருக்கு அத்தை. ஆட்டோமோட்டிவ் டெக்னாலஜி.

மீனா அத்தை: அப்படின்னா டிஎஸ்ஓவுக்கு, அதாவது காலேஜ்ல வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்துக்கற அதிகாரிக்கு, எழுது. ஏஏஎஸ்ஸுக்கு எஃப்-1 ஐ-20 தர அவங்களுக்கு அனுமதி இருக்கான்னு கேளு. எஃப்-1ல காலேஜுக்குள்ள வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், முடிச்சப்புறம் 12 மாசம் ஓபிடி, அதாவது படிச்ச துறையில வேலை பார்க்கற அனுமதி, உண்டு. அறிவியல், தொழில்நுட்பம் படிச்சவங்களுக்கு ஓபிடியை நீட்டிக்கற ஸ்டெம் நீட்டிப்பு அசோசியேட் டிகிரிக்குக் கிடையாது, அதை நம்பி கடன் கணக்கு போடாதீங்க. பின்னால பி.எஸ். முடிச்சா அந்த நிலைக்குத் தனியா 12 மாசம் கிடைக்கும்.

கதிர்: மாமா, அதே காலேஜ்ல டொயோட்டா டி-டென் பிரிவும் இருக்கு. சம்பளத்தோட டீலர்கிட்ட வேலையாம். அதுல சேர்ந்தா?

பிரபு மாமா: மாப்ள, அதுதான் நிறைய பேர் மாட்டற இடம். டி-டென், ஜிஎம்மோட ஏஎஸ்இபி, ஃபோர்டோட அஸ்ஸெட் எல்லாமே காலேஜ் கொஞ்ச நாள், டீலர் பட்டறை கொஞ்ச நாள்னு மாறி மாறி ஓடும். டீலர்கிட்ட சம்பளம் வாங்கினா அது வேலை, எஃப்-1 பையனுக்கு சிபிடி, அதாவது பாடத்தோட பகுதியா வேலை பார்க்கற அனுமதி, வேணும். சிபிடிக்கு முதல்ல ஒரு முழு கல்வியாண்டு முடிச்சிருக்கணும். முதல் செமஸ்டர்லயே பட்டறைக்கு அனுப்பற பாடத்திட்டம் உனக்கு எப்படி ஒத்து வரும்? எம்-1க்கு சிபிடியே கிடையாது. கம்பெனி சேராத பொதுப் பிரிவுல சேரு.

மீனா அத்தை: பிரபு சொன்னது ரொம்ப சரி. சிபிடி கிடைச்சாலும் முழுநேரமா 12 மாசம் ஓட்டிட்டா அந்த நிலைக்கான ஓபிடி போயிரும். பகுதிநேரம் கணக்குல வராது.

செல்வி: பாடமெல்லாம் சமாளிச்சிருவானா?

மீனா அத்தை: பாடத்தை விட கிரெடிட் கணக்குதான் அண்ணி தொந்தரவு. ஒவ்வொரு செமஸ்டரும் 12 கிரெடிட் பதிஞ்சிருக்கணும், அதுல ஆன்லைன்ல ஒரே ஒரு பாடம்தான் சேரும். பட்டறைப் பாடங்க ஒண்ணுக்கு அடுத்தது ஒண்ணுன்னு சங்கிலி மாதிரி. எலக்ட்ரிக்கல் ஒண்ணு பாஸானாத்தான் எலக்ட்ரிக்கல் ரெண்டு. சில பாடம் ஃபால் (இலையுதிர் கால) செமஸ்டர்ல மட்டும்தான் நடக்கும். அதுல ஃபெயிலானா அடுத்த ஃபால் வரைக்கும் காத்திருக்கணும், இடையில 12 கிரெடிட்டுக்குப் பாடமே இருக்காது.

அதனால இங்கிலீஷ், கணக்கு எல்லாத்தையும் முதல் வருஷத்துலயே முடிச்சிராதே கதிர். செமஸ்டருக்கு ஒண்ணு ரெண்டுன்னு பிரிச்சு வெச்சா கடைசி வரைக்கும் 12 நிரம்பும். ஊர்ல படிச்ச டிப்ளமோவுக்கு கிரெடிட் வாங்கறதும் அப்படித்தான், அளவா வாங்கு. டிகிரிக்கு சம்பந்தமில்லாத பாடத்தைப் போட்டு 12 நிரப்பினா அது கணக்குல வராம போகலாம்.

ஒரு பாடத்தை விடணும்னா முதல்ல டிஎஸ்ஓகிட்ட ஆர்சிஎல் (கிரெடிட்டைக் குறைச்சுக்க) அனுமதி, அப்புறம்தான் டிராப் பட்டன். மாத்திச் செஞ்சா ஸ்டேட்டஸ் போயிரும், அதை மீட்கறது பெரிய பாடு.

கதிர்: மாமா, டூல்ஸ் இங்கயிருந்து வாங்கிட்டு வரட்டுமா? கோயம்புத்தூர்ல விலை கம்மி.

பிரபு மாமா: வேண்டாம்டா. காலேஜ் கொடுக்கற டூல் லிஸ்ட்டைப் பார்த்து அங்க வாங்கு. சாக்கெட் மாட்டற முனையோட அளவு கால், எட்டுல மூணு, அரை அங்குல டிரைவ்னு லிஸ்ட்ல இருக்கும். எட்டுல மூணை முக்கால்னு நினைச்சு வாங்கிராதே. மில்லிமீட்டர் சாக்கெட், அங்குல சாக்கெட் ரெண்டும் வேணும். ஸ்னாப்-ஆன் மாதிரி கம்பெனிங்க மாணவர்களுக்குத் தனி விலை வெச்சிருக்காங்க, சேர்ந்தப்புறம் வாங்கினாத்தான் அது கிடைக்கும். இங்க வாங்கற கரண்ட் டூல் 230 வோல்ட், அங்க 120. ஓடாது.

ஷூவும் அப்படித்தான். இங்க விக்கற சேஃப்டி ஷூவுல ஐஎஸ் 15298 முத்திரை இருக்கும். அங்க ஷூ நாக்குக்கு உள்பக்க லேபிள்ல ஏஎஸ்டிஎம் எஃப்2413 இருக்கான்னு பார்ப்பாங்க. பாதுகாப்புக் கண்ணாடிக்கு இசட்87னு தர முத்திரை ஃபிரேம்லயே அடிச்சிருக்கணும். நீ பவர் கண்ணாடி போடறவன், சாதாரண பவர் கண்ணாடியைப் பட்டறைக்குள்ள விடமாட்டாங்க. அதுக்கு மேல மாட்டற இசட்87 கண்ணாடி வாங்கிக்கோ.

இந்தச் செலவு ஐ-20 தொகையில சேர்ந்திருக்கான்னும் கேளு, பல இடத்துல சேர்ந்திருக்காது.

கதிர்: மெக்கானிக் தகுதிக்கான ஏஎஸ்இ சர்டிஃபிகேட்டைப் படிக்கும்போதே வாங்கலாமா மாமா?

பிரபு மாமா: பரீட்சை எழுதலாம். ஆனா முழு சர்டிஃபிகேட்டுக்கு ரெண்டு வருஷ வேலை அனுபவம் வேணும், ரெண்டு வருஷ டிகிரி இருந்தா ஒரு வருஷம் குறையும். மாணவனுக்கு என்ட்ரி-லெவல் போதும். இபிஏ 609 சர்டிஃபிகேட்டைக் கண்டிப்பா வாங்கு, கார் ஏசி கேஸைத் தொட அதுதான் வேணும். 608 வீட்டு ஏசி, ஃபிரிட்ஜுக்கு. மாத்தி எழுதிராதே.

கதிர்: மெயில் எழுதிட்டேன், பாருங்க அத்தை:
"ஏஓஎஸ்ல இருந்து ஏஏஎஸ்ஸுக்கு மாற முடியுமா? அதுக்கு எஃப்-1 ஐ-20 தருவீங்களா? எந்தப் பாடமெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் நடக்கும்? டூல்ஸ் செலவு ஐ-20 தொகையில உண்டா?"

மீனா அத்தை: நல்லா இருக்கு. இன்னொரு கேள்வி சேர்த்துக்கோ: இந்த ஏஏஎஸ்ஸை எந்த நாலு வருஷ காலேஜோட எழுத்துபூர்வமா ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கறாங்க? "பொதுவா எடுத்துப்பாங்க"ன்னு பதில் வந்தா விடாதே, காலேஜ் பேரோட கேளு. ஐ-20 இடது மேல் மூலையில 'N' எழுத்துல ஆரம்பிக்கற நம்பர் இருக்கு பாரு, அதை மெயில் தலைப்புல போடு.

செல்வி: அப்ப நாளைக்குப் பணம் கட்ட வேண்டாமா மீனா?

மீனா அத்தை: பதில் வர்ற வரைக்கும் வேண்டாம் அண்ணி. சீவிஸ் பணத்துக்கான ஐ-901 படிவத்துல அந்த 'N' நம்பரைப் போட்டுத்தான் கட்டறோம். புது ஐ-20ல நம்பர் மாறி வந்தா, கட்டின பணத்தை அதுக்கு மாத்தறதுக்குத் தனியா அலையணும். இன்டர்வியூ தேதியும் அதுவரைக்கும் எடுக்க வேண்டாம், 185 டாலர் விசா கட்டணம் திரும்ப வராது.

கதிர்: சரி அத்தை. மெயில் அனுப்பிட்டேன்.