கொடைக்கானல் மலை மன்னவனூர் மண்பாதைக்குப் பழைய பிக்கப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேரட்தோட்டம்:
தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரை களிமண் ஏற்றம். போன ஐப்பசி மழையில் என் வண்டி கேரட் மூட்டைகளோடு சறுக்கி வரப்பில் சாய்ந்துவிட்டது. கையில் ஐந்து லட்சம் இருக்கிறது. பழைய பொலிரோ கேம்பர் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்), ஒன்று வந்திருக்கிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பூம்பாறைப் பூண்டு:
அண்ணே, முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். கமான் பட்டை (பாரம் தாங்கும் வில் பட்டை) மாட்டியிருக்கும் இடத்தில் சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்றால் துரு தின்றுவிட்டது, விட்டுவிடுங்கள். அப்புறம் லோ கியரில் (ஃபோர் வீலில் மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) ஏற்றிப் பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்றுவதும் அதுதான்.

மலைமெக்கானிக்:
மிச்சக் காசை டயரில் போடுங்கள். நான்கும் ஒரே அளவு, மண் டயர். பெரிய டயர் வேண்டாம், ஏற்றத்தில் இழுவை குறையும். தார்ச்சாலை வந்ததும் ஃபோர் வீலை விட்டு டூ வீலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் சக்கரங்கள் இறுகிக்கொள்ளும்.

கேரட்தோட்டம்:
சரி தம்பி, ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு போகிறேன்.